வேப்பிங் (ஈ-சிகரெட் இழுக்கறது) பத்தி பிள்ளைங்ககிட்ட எப்படி பேசறதுன்னு ஒரு ஆன்லைன் ஒர்க்‌ஷாப் – அட்டெண்ட் பண்ணிட்டு எழுதுற ரிவ்யூ

நேரா விஷயத்துக்கு வரேன். ரெண்டாவது செஷன் சூப்பர், முதல் செஷன்ல பாதி தேறும், வீட்டுக்கு அனுப்பற கிட் பாக்ஸ் வேஸ்ட். இவ்ளோ போதும்னு நினைக்கறவங்க இங்கயே எறங்கிக்கலாம், ஏன் அப்படி சொல்றேன்னு கேக்கறவங்களுக்குத்தான் மீதி. நடத்தறவங்க பேரை போடல, குறையும் சொல்லப்போறேன், தவிர இதே மாதிரி பேரண்ட்ஸ் ஒர்க்‌ஷாப் இப்ப நெறைய நடக்குது, நீங்க எதுல சேர்ந்தாலும் என்னத்தை பாத்து சேரணும்னு தெரிஞ்சா சரி.

என்ன குடுக்கறாங்கன்னு முதல்ல சொல்லிடறேன். முன்னாடியே பாத்துட்டு வர சொல்லி கொஞ்சம் ரெக்கார்டட் வீடியோ, அப்புறம் லைவா ரெண்டு செஷன், ஒரு பிடிஎஃப், ஒரு வாட்ஸப் குரூப், அதுக்கு மேல அந்த பாக்ஸ். லைவ்ல வந்தவங்க எல்லாரும் பத்து வயசுலேர்ந்து பதினெட்டு வயசுக்குள்ள பிள்ளை வச்சிருக்கறவங்க, வேற வேற நாட்டுலேர்ந்து. எனக்கு பத்தாவது படிக்கற பொண்ணு, ஏழாவது படிக்கற பையன். வீட்டுல எதுவும் மாட்டல, சும்மா முன்னெச்சரிக்கையா சேர்ந்தேன். ஆனா குரூப்ல பாதி பேரு பையில ஏதோ ஒன்னை பாத்துட்டு பதறி ஓடி வந்தவங்கதான், முதல் பத்து நிமிஷத்துலயே மூஞ்சில தெரிஞ்சுது.

முதல் செஷன் முழுக்க தகவல். இதுல நல்லது எதுன்னா, வேப்புங்கறது வெறும் தண்ணி ஆவி இல்லன்னு அதை நடத்தின மேடம் ரொம்ப பொறுமையா பிரிச்சு காட்டினாங்க. உள்ள ஒரு பேட்டரி, ஒரு காயில், அதுல ஊறியிருக்கற லிக்விட். லிக்விட்ல ப்ரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், ஃப்ளேவர், நிக்கோட்டின். காயில் சூடாகும்போது இதெல்லாம் பொடிப்பொடி துளியா மாறி நுரையீரலுக்குள்ள போகுது, கூடவே காயில்லேர்ந்து நிக்கல், குரோமியம், ஈயம்னு உலோகமும் கொஞ்சம் போகுது, ரொம்ப சூடானா ஃபார்மால்டிஹைடும் வரும். 2003ல ஹான் லிக்னு ஒரு சீன பார்மசிஸ்ட் இப்ப இருக்கற மாதிரி கருவியை கொண்டு வந்தாரு, அப்போலேர்ந்து கணக்கு பண்ணாலும் நாப்பது அம்பது வருஷம் இதை இழுத்த ஆளுன்னு உலகத்துல ஒருத்தரும் இல்ல, அதனால கடைசில என்ன ஆகும்னு முழுசா சொல்ல இப்ப யாராலயும் முடியாதுன்னு சொன்னாங்க. இந்த நேர்மை எனக்கு பிடிச்சுது, ஆனா இந்த நேர்மை செஷன் முடியற வரைக்கும் நிக்கல, அதை அப்புறம் சொல்றேன்.

நிக்கோட்டின் சால்ட்னு ஒரு பகுதி வந்துச்சு, எனக்கு நிஜமா புதுசு. பழைய வேப்புல நிக்கோட்டினை ஏத்தினா தொண்டை எரியும், அதனால ஒரு அளவுக்கு மேல யாராலயும் இழுக்க முடியாது. பென்சாயிக் ஆசிட் சேர்த்தா அந்த எரிச்சல் கொறைஞ்சிடுது, எவ்ளோ ஏத்தினாலும் வழுக்கிட்டு போகுது. 2015ல வந்த ஜூல்ங்கற அமெரிக்க வேப் பிராண்ட் இதை வச்சுத்தான் பெருசா ஆச்சு, லிக்விட் அடைச்ச கட்டைவிரல் நகம் அளவு டப்பா, அதுக்கு பேரு பாட், ஒரு மில்லிகூட இல்ல, 0.7 மில்லிதான், ஆனா அந்த ஒரு பாட்ல சுமாரா ஒரு பாக்கெட் சிகரெட்டுல கெடைக்கற நிக்கோட்டின் இருக்குன்னு கம்பெனியே சொல்லுச்சு. இப்ப வர்ற டிஸ்போசபிள், அதாவது தீந்ததும் தூக்கி போடற வேப், அதைவிட பல மடங்கு, மில்லிக்கு 50 மில்லிகிராம் வச்சா பத்து மில்லிக்கு 500 மில்லிகிராம், பாக்க ஹைலைட்டர் பேனா மாதிரி கலர் கலரா இருக்கும். இதுல கொடுமை என்னன்னா 2018ல ட்ரூத் இனிஷியேட்டிவ்னு ஒரு அமைப்பு எடுத்த சர்வேல, ஜூல் யூஸ் பண்ற 15லேர்ந்து 24 வயசுக்காரங்கள்ல 63 சதவீதம் பேருக்கு அதுல எப்பவுமே நிக்கோட்டின் இருக்குங்கறதே தெரியல. அப்ப பையன் வந்து "அம்மா அது வெறும் ஃப்ளேவர்தான்"னு சொன்னா அவன் பொய் சொல்றான்னு உடனே எகிறாதீங்க, அவன் நிஜமாவே அப்படி நம்பியிருக்கலாம். இந்த ஒரு பாயிண்ட்டுக்கே நாலு பேரு நோட் எடுத்தாங்க, நானும்.

இன்னொன்னு சிகரெட்டுக்கு ஒரு முடிவு இருக்கு, எரிஞ்சு முடிஞ்சா தூக்கி போடணும், மறுபடி பத்த வைக்கணும்னா வெளிய போகணும். வேப்புக்கு அந்த முடிவு கெடையாது, பாத்ரூம்ல ரெண்டு இழுப்பு, போர்வைக்குள்ள ரெண்டு இழுப்பு, பரீட்சைக்கு படிக்கறப்ப டேபிளுக்கு கீழ ரெண்டு. எவ்ளோ ஆச்சுன்னு அவங்களுக்கே கணக்கு தெரியாது.

இனிமே குறை. முதல் செஷன்ல ரொம்ப முக்கியமான விஷயத்துக்கு அஞ்சு நிமிஷம்தான் குடுத்தாங்க, அது மூளை விஷயம். முடிவெடுக்கற, ஆசையை அடக்கற முன்மூளை சுமாரா 25 வயசு வரைக்கும் வளர்ந்துட்டே இருக்கும், அந்த வயசுல நிக்கோட்டின் உள்ள போனா பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கும், கவனம், கத்துக்கறது, மனநிலை எல்லாத்தையும் தொடும். அதோட ஒரு சுழல் இருக்கு: இழுத்து கொஞ்ச நேரம் ஆனதும் நிக்கோட்டின் எறங்கும், எரிச்சல் வரும், மனசு படபடக்கும், மறுபடி இழுத்தா அடங்கும். பிள்ளை இதை எப்படி புரிஞ்சுக்குதுன்னா "எனக்கு டென்ஷன், வேப் பண்ணா சரியாகுது"ன்னு. அந்த டென்ஷன்ல ஒரு பெரிய பங்கு வேப்பே குடுத்ததுன்னு அதுக்கு தெரியாது. நம்ம பிள்ளைகிட்ட உக்காந்து பேசினா எடுபடற தகவல் இதுதான்னு நான் நினைக்கறேன், ஏன்னா இது நாளைக்கு வரப்போற நோய் பத்தி இல்ல, இன்னிக்கு சாயங்காலம் அவனே உணர்ற விஷயம். இதை ஒரே ஸ்லைடுல முடிச்சிட்டு நேரா பயமுறுத்தற படங்களுக்கு போயிட்டாங்க.

அந்த படங்கள்தான் எனக்கு ஒத்துவரல. பாப்கார்ன் லங்னு ஒரு ஸ்லைடு, வேப் பண்ணா இது வரும்னு. கதை என்னன்னா 2000ல அமெரிக்காவுல மிசௌரில ஒரு மைக்ரோவேவ் பாப்கார்ன் ஃபேக்டரில வேலை செஞ்சவங்களுக்கு நுரையீரல் கெட்டுப்போச்சு, வெண்ணெய் வாசனைக்கு போடற டைஅசிட்டைல்தான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. 2015ல ஹார்வர்ட்ல 51 வேப் ஃப்ளேவரை டெஸ்ட் பண்ணப்ப 39ல டைஅசிட்டைல் இருந்துச்சு, அதுவும் உண்மை, கவலைப்படவேண்டியதுதான். ஆனா வேப் பண்ணதால பாப்கார்ன் லங் வந்துச்சுன்னு உறுதியான கேஸ் இல்லைன்னு புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்புகளே எழுதி வச்சிருக்கு. நீங்க இதை உங்க பையன்கிட்ட கெத்தா சொல்வீங்க, அவன் உங்க கண்ணு முன்னாடியே ஃபோன்ல தேடி காட்டுவான், அதோட அன்னிக்கு நீங்க சொன்ன மத்த உண்மையெல்லாம் சேர்ந்து குப்பைக்கு போயிடும்.

அடுத்த ஸ்லைடு 2019ல அமெரிக்காவுல நடந்தது. வேப் இழுத்து மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரில சேர்ந்தவங்க, இறந்தவங்க எல்லாம் சேர்த்து 2020 பிப்ரவரி வரைக்கும் 2,807 கேஸ், அதுல 68 சாவு. நம்பர் சரி. ஆனா அதுல பெரும்பாலானவங்க இழுத்தது கஞ்சாலேர்ந்து எடுக்கற டிஹெச்சி கலந்த லிக்விட், அதை கெட்டியாக்க கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட்தான் முக்கிய காரணம்னு ஆராய்ச்சில வந்துச்சு, அதை மேடம் சொல்லவே இல்ல. நான் சாட்ல கேட்டேன், "நல்ல பாயிண்ட், அப்புறம் பாக்கலாம்"னு பதில் வந்துச்சு, அந்த அப்புறம் வரவே இல்ல. முறையா சொன்னா அதுவே நல்ல எச்சரிக்கைதானே, உள்ள என்ன கலந்திருக்குன்னு விக்கறவனுக்கே தெரியாது, ஃப்ரெண்டு குடுத்தான்னு வாங்கி இழுக்காதன்னு சொல்லலாமே. சிங்கப்பூர்ல எட்டோமிடேட்னு மயக்க மருந்து கலந்த வேப் பரவி 2025 செப்டம்பர்லேர்ந்து அதை போதைப்பொருள் பட்டியல்லயே சேர்த்துட்டாங்க. உண்மையே இவ்ளோ பயங்கரமா இருக்கறப்ப மேல எதுக்கு மசாலா?

புள்ளிவிவரமும் பழசு. "நாலுல ஒரு ஸ்டூடண்ட் வேப் பண்றான்"னு காட்டினாங்க, அது 2019ல அமெரிக்க ஹைஸ்கூல் கணக்கு, 27.5 சதவீதம். 2024ல அதே சர்வேல 7.8 சதவீதமா எறங்கிடுச்சு. சும்மா தப்பு கண்டுபிடிக்கறேன்னு நினைக்காதீங்க, இதுல விஷயம் இருக்கு. எல்லாரும் பண்றாங்கன்னு நாமளே சொன்னா பிள்ளை மனசுல அது சாதாரணமாயிடும், பத்துல ஒம்போது பேரு பண்ணலன்னு சொன்னா பண்ணாம இருக்கற பிள்ளைக்கு தைரியம் வரும்.

அப்புறம் அந்த 95 சதவீதம். டீன் ஏஜ் பிள்ளை வச்சிருந்தா இதை நீங்க கேட்டிருப்பீங்க இல்லன்னா கேக்கப்போறீங்க, "சிகரெட்டைவிட 95 பர்சன்ட் சேஃப்". 2015ல இங்கிலாந்தோட பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து சொன்னது, ஏற்கனவே சிகரெட் குடிக்கற பெரியவங்க மாறறதை பத்தி. அதுக்கே நெறைய டாக்டருங்க சண்டை போட்டாங்க. ஒரு அப்பா இதை கேட்டதும் மேடம் "அதெல்லாம் கம்பெனிக்காரன் கட்டுக்கதை"ன்னுட்டாங்க. அது தப்பு, சொன்னது அரசாங்க அமைப்பு. இதுக்கு ஈஸியான பதில் இருக்கு, நீ சிகரெட் குடிக்கறவனா இருந்தா சிகரெட்டோட ஒப்பிடு, நீ குடிக்கலையே, உனக்கு காத்தோடதானே ஒப்பிடணும். இதை குரூப்ல இருந்த இன்னொரு அம்மாதான் எடுத்து குடுத்தாங்க, ஸ்கூல் டீச்சராம், நியாயமா பாதி ஃபீஸ் அவங்களுக்கு போயிருக்கணும்.

சரி, ரெண்டாவது செஷன். இதுக்காகத்தான் இவ்ளோ பெருசா எழுதறேன். வேற ட்ரெய்னர், ஸ்கூல் கவுன்சிலரா பல வருஷம் இருந்தவர், ஸ்லைடே போடல. நம்மள ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு நாடகம் போட வச்சாரு, ஆனா பேரண்டா இல்ல, பிள்ளையா. கம்பெனில பெரிய பதவில இருக்கற மாதிரி தெரிஞ்ச ஒரு அப்பா, அவரை ஒம்போதாவது படிக்கற பையனா உக்கார வச்சு ட்ரெய்னர் அப்பாவா மாறி கேக்கறாரு. "இது என்னடா? யாரு குடுத்தா? எத்தனை நாளா நடக்குது?" அந்த சார் ஒரு செகண்ட்கூட யோசிக்கல, "என்னோடது இல்லப்பா, ஃப்ரெண்டோடது, வச்சிருக்க சொன்னான்." எல்லாரும் சிரிச்சிட்டோம், ஏன்னா அத்தனை பேரு வீட்டுலயும் ஓடின டயலாக். ட்ரெய்னர் அங்கயே நிறுத்தி கேட்டாரு, "சார் இப்ப உங்களுக்கு என்ன பண்ணணும் போல இருக்கு?" அவரு சொன்னாரு, "எந்திரிச்சு ரூமுக்கு போயிடணும் போல இருக்கு." "உங்களை யாரும் இன்னும் திட்டவே இல்லையே சார்?" "கேக்கற தோரணையே திட்டற மாதிரிதான சார் இருக்கு."

அதுக்கப்புறம் அதே சீனை மாத்தி பண்ணாரு. முதல்ல அவனை பத்தி கேக்கவே இல்ல, "உங்க கிளாஸ்ல வேப் பண்ற பசங்க இருக்காங்களாடா? ஸ்கூல்ல எங்க வச்சு பண்றாங்க? அதுல அவங்களுக்கு என்ன கெடைக்குதுன்னு நினைக்கற?" கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டாரு. அந்த அமைதி ஸ்க்ரீன்லயே தாங்க முடியல, யாராவது பேசுங்கப்பான்னு இருந்துச்சு. கடைசில பையனா உக்காந்திருந்த சார்தான் பேச ஆரம்பிச்சாரு, கடகடன்னு. கேள்வி கேட்டதும் மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, ஆறுல நீங்களே பதில் சொல்லிடுவீங்க, அதை சொல்லாம இருக்கறதுதான் பயிற்சின்னாரு. நான் வீட்டுல முயற்சி பண்ணேன், ஆறு எல்லாம் இல்ல, எனக்கு மூணுலயே வாய் தெறந்துடுது.

"ஏன் பண்ண?"ங்கற கேள்வியை முழுசா விட சொன்னாரு, அதுக்கு பதில் வராது, சாக்குதான் வரும். அதுக்கு பதிலா "அதுல உனக்கு என்ன பிடிச்சிருக்கு?"ன்னு கேக்க சொன்னாரு. குரூப்ல ஒரே சலசலப்பு, அதெப்படி, பிடிச்சதை போய் கேக்கறதா, நாமளே ஓகே சொன்ன மாதிரி ஆகிடாதா? அவரு சொன்ன காரணம் எனக்கு சரியா பட்டுது, பிள்ளைக்கு அதுல ஏதோ ஒன்னு கெடைக்குது, கூட்டத்துல ஒருத்தனா இருக்கறது, படபடப்பு அடங்கறது, சும்மா போர் அடிக்காம இருக்கறது, ஏதோ ஒன்னு. அது என்னன்னே தெரியாம விடுன்னு சொன்னா எதை விட சொல்றோம்னே நமக்கு தெரியாது. பிடிச்சதை சொல்லி முடிச்சதும் "சரி, பிடிக்காதது ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டா, காசு கரையுது, ஃபுட்பால் ஆடறப்ப மூச்சு வாங்குது, எங்க மாட்டிப்போமோன்னு எப்பவும் பயம்னு அவங்களே எடுத்து வைப்பாங்களாம். விடறதுக்கான காரணம் அவங்க வாயிலேர்ந்து வரணும், நம்ம வாயிலேர்ந்து வந்தா அது அட்வைஸ். இது இவரு கண்டுபிடிச்சது இல்ல, மில்லர்னு ஒருத்தர் குடிப்பழக்கம் இருக்கறவங்களுக்கு கவுன்சலிங் குடுக்க உருவாக்கி, அப்புறம் ரோல்னிக்னு இன்னொருத்தரோட சேர்ந்து வளர்த்த முறை, 1983லேர்ந்து இருக்கு, ஆனா டீன் ஏஜ் பிள்ளைக்கு ஏத்த மாதிரி இறக்கி குடுத்த விதம் நல்லா இருந்துச்சு.

ஒரு அப்பா கேமராவை ஆஃப் பண்ணிட்டு கேட்டாரு, "நானே சிகரெட் குடிக்கறவன் சார், நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இதை சொல்றது?" இந்த கேள்வி வரும்னு நான் எதிர்பாக்கல, இந்த பதிலையும் எதிர்பாக்கல. நீங்கதான் இங்க இருக்கறவங்கள்லயே நல்லா சொல்லக்கூடிய ஆளு, எந்த வயசுல ஆரம்பிச்சீங்க, எத்தனை தடவை விட பாத்தீங்க, விட்ட அன்னிக்கு ராத்திரி எப்படி இருந்துச்சு, அதை மட்டும் சொல்லுங்க, "அதனால நீ பண்ணாத"ங்கறதை கடைசில ஒட்டாதீங்க, அதை அவனே ஒட்டிப்பான். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசல, அப்புறம் அந்த சார் கேமராவை ஆன் பண்ணாரு.

சின்ன பிள்ளை வச்சிருக்கற ஒரு அம்மா, இப்பவே பேசினா நாமளே ஐடியா குடுத்த மாதிரி ஆகிடாதான்னு கேட்டாங்க. பத்து பதினோரு வயசுலயே அவங்க வீடியோல பாத்தாச்சு, நீங்க பேசலன்னா வேற யாரோ பேசிட்டு இருப்பாங்க, ஒரே நாள்ல உக்கார வச்சு ஒன்றரை மணி நேர லெக்சர் வேணாம், அப்பப்ப ரெண்டு ரெண்டு நிமிஷம் போதும்னாரு. மூஞ்சிக்கு மூஞ்சி பாத்து உக்காந்து பேசறதைவிட நடக்கறப்ப, வண்டில போறப்ப, பாத்திரம் தொடைக்கறப்ப பேசறது பிள்ளைக்கு சுலபம். இது எங்க வீட்டுல நிஜமாவே வேலை செஞ்சுது, பையன் வண்டில என் பக்கம் திரும்பாமலே ஸ்கூல் பாத்ரூம்ல எந்த ஸ்மெல் வருதுன்னு ஆரம்பிச்சு நெறைய சொன்னான். பொண்ணு வேற ரகம், நான் பிடிஎஃப்ல இருந்த வரியை எடுத்து விட்டதும் திரும்பி பாத்து "அம்மா, ஏதாவது கிளாஸ் போறியா?"ன்னா. அந்த பிடிஎஃப் வரிகளை யாரும் மனப்பாடம் பண்ணிட்டு போய் சொல்லிடாதீங்க, ஒரு மனுஷனும் வீட்டுல அப்படி பேசமாட்டான்.

கையில மாட்டின அன்னிக்கு என்ன பண்றதுங்கறதுக்கும் தனியா நேரம் ஒதுக்கினாரு. கோவம் எறங்கற வரைக்கும் பேசாதீங்க, "நான் பாத்துட்டேன், நாளைக்கு பேசலாம்"னு மட்டும் சொல்லுங்க, ஆனா நாளைக்குன்னா நாளைக்கே பேசணும். கருவியை உங்க கைக்கு எடுத்துக்கங்க, சும்மா குப்பைத்தொட்டில போடாதீங்க, உள்ள லித்தியம் பேட்டரி இருக்கு, மீந்த லிக்விட் வீட்டுல இருக்கற குட்டிப் பிள்ளை வாயில பட்டா விஷம். இந்த மாதிரி கைல எடுத்துட்டு போற விஷயம் முதல் செஷன்ல ஒன்னுகூட இல்ல.

இப்ப அந்த பாக்ஸ். தெறந்தா ஒரு போஸ்டர், கொஞ்சம் கேள்வி கார்டு, கோட்டினின் டெஸ்ட் ஸ்ட்ரிப். கார்டு பரவால்ல. ஸ்ட்ரிப்தான் பிரச்சனை, பிள்ளையோட யூரின்ல முக்கினா நிக்கோட்டின் யூஸ் பண்ணியிருக்கானான்னு காட்டுமாம். நிக்கோட்டின் ஒடம்புக்குள்ள கோட்டினினா மாறும், அது ரத்தத்துல பாதியா குறையவே சுமாரா 16 மணி நேரத்துக்கு மேல ஆகும், அதனால சில நாள் வரைக்கும் பிடிக்கும், அது சரி. ஆனா வேப்பா சிகரெட்டா நிக்கோட்டின் சூயிங் கம்மான்னு அதுக்கு தெரியாது, ஒரு வாரம் சும்மா இருந்தவனை கிளீன்னு சொல்லிடும், கஞ்சா லிக்விட் இழுத்தவனையும் கிளீன்னு சொல்லிடும். அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அமைப்பே பேரண்ட்ஸ் வீட்டுல இப்படி டெஸ்ட் பண்றதை வேணாம்னுதான் சொல்லுது. எல்லாத்துக்கும் மேல, பாத்ரூம் வாசல்ல கப்பை வச்சிக்கிட்டு நிக்கற அம்மாகிட்ட எந்த பிள்ளை மனசை தெறக்கும்? ரெண்டாவது செஷன்ல அந்த மனுஷன் கட்டினதை எல்லாம் இந்த பாக்ஸ் ஒரே நாள்ல இடிச்சிடும். ஒரே கம்பெனிக்குள்ள ரெண்டு பேரும் பேசிக்கிட்டதே இல்ல போல.

ரொம்ப ஏமாத்தமா இருந்தது ஏற்கனவே பழகின பிள்ளைக்கு என்ன வழிங்கறது. "டாக்டரை பாருங்க"ன்னு ஒரு வரி, முடிஞ்சுது. இதுக்கு சொல்ல நெறைய இருக்கு. நிறுத்தின முதல் ரெண்டு மூணு நாள்தான் உச்சம், எரிச்சல், தூக்கம் வராது, படிப்புல மனசு நிக்காது, ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துல மெல்ல எறங்கும், அந்த நாள்ல பிள்ளை கத்தினா திமிருன்னு எடுத்துக்காதீங்கன்னு சொன்னாலே பாதி வீட்டுல சண்டை நிக்கும். ட்ரூத் இனிஷியேட்டிவ் நடத்தற மெசேஜ் ப்ரோக்ராம் ஒன்னு இருக்கு, 13லேர்ந்து 17 வயசு பிள்ளைகளை வச்சு சோதனை பண்ணி 2024ல முடிவு வந்துச்சு, ஏழு மாசம் கழிச்சு பாத்தா மெசேஜ் வாங்கினவங்கள்ல 37.8 சதவீதம் வேப் இல்லாம இருந்தாங்க, வாங்காதவங்கள்ல 28. தினமும் ஃபோனுக்கு வர்ற நாலு வரி இவ்ளோ பண்ணுது. வரெனிக்ளின்னு ஒரு மாத்திரை, 16லேர்ந்து 25 வயசுக்காரங்ககிட்ட சோதிச்சு 2025ல வந்த முடிவுல சிகிச்சையோட கடைசி ஒரு மாசம் தொடாம இருந்தவங்க 51 சதவீதம், டம்மி மாத்திரை குழுவுல 14. இது டாக்டர் பாத்து குடுக்கறது, நாமளா வாங்கற விஷயம் இல்ல, ஆனா இப்படி உதவி இருக்குன்னு தெரிஞ்சாதானே டாக்டர்கிட்ட கேக்கவே தோணும். வெறும் மனவுறுதி போதும்னு அனுப்பி வச்சா, அவன் முடியாம திரும்பி வரப்ப நம்ம மூஞ்சில முழிக்கவே மாட்டான்.

எங்க சேர்ந்தாலும் ஒன்னை கேட்டுட்டு சேருங்க, காசு யாரு போடறாங்க. பிலிப் மோரிஸ்ங்கற சிகரெட் கம்பெனி 1999ல பேரண்ட்ஸுக்குன்னே டிவி விளம்பரம் போட்டுச்சு, பிள்ளைகள்கிட்ட பேசுங்க, அவங்க கேப்பாங்கன்னு. கேக்க எவ்ளோ அழகா இருக்கு பாருங்க. 2006ல ஒரு ஆய்வு வந்துச்சு, அந்த பேரண்ட்ஸ் விளம்பரம் அதிகமா ஓடின இடங்கள்ல பத்தாவது, பன்னெண்டாவது பிள்ளைங்களுக்கு சிகரெட் அவ்ளோ ஒன்னும் கெடுதல் இல்லைங்கற எண்ணமும், குடிக்கலாம்ங்கற எண்ணமும்தான் அதிகமா இருந்துச்சு. ஜூலும் தடுப்பு ப்ரோக்ராம்னு சொல்லிக்கிட்டு ஸ்கூலுக்குள்ள போனது 2019ல அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை வரைக்கும் வந்துச்சு. அதனால நான் மெயில் போட்டு கேட்டேன், ஃபீஸ் தவிர வேற வருமானம் இல்லன்னு மறுநாளே தெளிவா பதில் போட்டாங்க, அதுக்கு ஒரு ப்ளஸ்.

மத்தபடி ஆடியோ நல்லா இருந்துச்சு, டைமுக்கு ஆரம்பிச்சு டைமுக்கு விட்டாங்க. முதல் செஷன் ரெக்கார்டிங் குடுக்கறாங்க, ரெண்டாவது குடுக்கறது இல்ல, மத்தவங்க வீட்டு கதை அதுல இருக்கறதால அது நியாயம்தான். வாட்ஸப் குரூப் முதல் வாரம் உருப்படியா போச்சு, இப்ப காலை வணக்கம் படம் வந்து விழுது, மியூட்ல போட்டுட்டேன். சட்டம் பத்தி ஒரு ஸ்லைடுகூட ஒழுங்கா இல்ல, வந்தவங்க பல நாடு, இந்தியாவுல 2019லேர்ந்து விக்கறதே தடை, சிங்கப்பூர்ல கையில வச்சிருந்தாலே குற்றம், இங்கிலாந்துல 2025 ஜூன்லேர்ந்து டிஸ்போசபிள் மட்டும் தடை, எல்லாத்தையும் "சட்டப்படி தப்பு"ன்னு ஒரே வரில அடிச்சு விட்டாங்க.

மார்க் போடணும்னா முதல் செஷனுக்கு அஞ்சுக்கு ரெண்டரை, ரெண்டாவதுக்கு நாலே முக்கால், பாக்ஸுக்கு முட்டை. நாடகம் இல்லாத பேட்ச்னா சேராதீங்க, சேரறதுக்கு முன்னாடி எத்தனை பேரு ஒரு பேட்ச்ல இருப்பாங்கன்னு கேளுங்க, இருவதுக்கு மேல போனா எல்லாருக்கும் சான்ஸ் வராது. முடிஞ்சா வீட்டுக்காரரையும் சேர்த்து உக்கார வைங்க, எங்க வீட்டுல அவரு அடுத்த பேட்ச்ல நாடக செஷனுக்கு மட்டும் தனியா சேர்ந்திருக்காரு, அப்படி பாதி மட்டும் சேர முடியுமான்னு கேட்டா தராங்க, வெப்சைட்ல அது போட்டிருக்காது. அப்புறம் ஹெட்ஃபோன் இல்லாம உக்காந்துடாதீங்க, நீங்க ஒம்போதாவது படிக்கற பையனா நடிச்சு அழறதை கதவுக்கு அந்தப்பக்கம் நெஜமான ஒம்போதாவது ஒன்னு நின்னு கேட்டுட்டு இருக்கும்.